சமையல் வீடியோதானே, பார்க்கட்டும் என்று விட்டுவிடலாமா?

பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதிய நீளமான கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். யார் என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். விஷயம் இதுதான். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று முடிந்து சில மாதங்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது திருவண்ணாமலையிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார். கார்ட்டூன் பார்த்தால் பிடிவாதம் அதிகமாகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்ல, கார்ட்டூனை நிறுத்திவிட்டு சமையல் வீடியோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மகள் ஆர்வமாகப் பார்த்தாள், எலுமிச்சம்பழ ஜூஸ் போடக் கற்றுக்கொண்டாள், வீட்டில் எல்லோருக்கும் பெருமை. மகன் சாப்பிடும்போது அதே வீடியோவைப் பார்த்தபடி வாயைத் திறந்தான், பாட்டிக்கு நிம்மதி.

போன மாதம் பாட்டி குளிக்கப் போன நேரத்தில், மகள் பூஜை அலமாரியிலிருந்து அகல் விளக்கை எடுத்து ஏற்றி, சொப்புச் சாமான் சட்டியை இரண்டு டப்பாக்களின் மேல் நிற்கவைத்து, எண்ணெய் ஊற்றி அப்பளத் துண்டு பொரிக்கப் பார்த்திருக்கிறாள். சட்டி சாய்ந்து இரண்டு விரல்களில் கொப்புளம். பாட்டி பேஸ்ட் தடவினார். சாயந்திரம் வீட்டுக்கு வந்த அப்பா யூடியூபையே எடுத்துவிட்டார். அன்றிலிருந்து மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. மகள் அதற்கு முன்பே, ஒரு கிராமத்துச் சமையல் வீடியோவில் ஆடு உரிப்பதைப் பார்த்ததிலிருந்து, கறி வேண்டாம் என்கிறாளாம். "சமையல்தானே டாக்டர், சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, கார்ட்டூனை விட இது மேல் என்றுதானே நினைத்தேன். எந்த வீடியோ சரி, எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மொத்தமாக நிறுத்துவதுதான் வழியா?" என்று கேட்டிருக்கிறார். மகள் தனக்கென்று ஒரு சேனல் வேண்டும் என்று அழுவதையும் கடைசியில் சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

விரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இன்னொரு வீட்டில் நாளைக்கே நடக்கலாம். சுட்டுக்கொண்டால் உடனே குழாய்த் தண்ணீரில், ஓடும் தண்ணீரில், 20 நிமிடம் காட்ட வேண்டும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். பேஸ்ட், மஞ்சள், காபித் தூள், இங்க், ஐஸ் கட்டி எதுவும் கூடாது. பேஸ்ட் வைத்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியேறாது, பிறகு நாங்கள் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வருகிறது. சுத்தமான துணியால் லேசாக மூடி, முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் எங்கே பட்டிருந்தாலும், கொப்புளம் சிறியதாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் மாமியாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படி எதையாவது தடவித்தான் பழக்கம். அவரையும் உட்காரவைத்து இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள், போதும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சண்டை, ஆபாசம், கெட்ட வார்த்தை இந்த மூன்றும் இல்லாவிட்டால் குழந்தை பார்க்கலாம் என்று நீங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தீர்கள். சினிமாவுக்கு அது ஓரளவு ஒத்துவரும். சமையல் வீடியோவுக்கு அந்தக் கணக்கு போதாது, ஏனென்றால் சினிமாவில் பறந்து அடிப்பதை வீட்டில் செய்து பார்க்க முடியாது, ஆனால் சமையல் வீடியோவில் காட்டுகிற எல்லாச் சாமானும் உங்கள் வீட்டு அடுக்களையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கத்தி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, தீப்பெட்டி பூஜை அலமாரியில் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை பார்த்ததைச் செய்து பார்க்கும், அந்த வயதின் வேலையே அதுதான். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-ல் பொம்மையை வைத்துச் செய்த சோதனையைப் படிக்காத குழந்தை மருத்துவர் இருக்க மாட்டார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே அதே மாதிரி அடித்தார்கள். உங்கள் மகள் குறும்பு செய்யவில்லை. தனக்குப் பிடித்தவர் திரையில் செய்ததைக் கவனமாக, வரிசை மாறாமல் செய்திருக்கிறாள்.

ஆகவே ஒவ்வொரு வீடியோவிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதைப் பார்த்த என் குழந்தை, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தன் கையால் இதில் எதைச் செய்து பார்க்கும்? பதில் "மாவு பிசையும், பட்டாணி உரிக்கும், பொம்மைக்கு இட்லி ஊட்டும்" என்றால் பிரச்சினை இல்லை. "பற்றவைக்கும்" என்றால் அந்த வீடியோ எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும் ஏழு வயதுக்கு ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீடியோவில் சூடு தெரியாது. காத்திருக்கும் நேரமும் தெரியாது. குக்கர் வைத்து, விசில் வந்து, ஆவி அடங்கி, மூடி திறக்கும் வரைக்குமான அரை மணி நேரத்தை எடிட்டிங்கில் வெட்டிவிட்டு இரண்டு நொடியில் காட்டுகிறார்கள். பெரியவர்கள் நமக்கு நடுவில் என்ன விட்டுப்போனது என்று தெரியும். குழந்தைக்குத் தெரியாது, அதற்கு குக்கர் என்பது வைத்ததும் திறக்கிற பாத்திரம். கேரமல் செய்வதற்குச் சர்க்கரையை உருக்கும் வீடியோக்கள் ஏராளம், பார்க்கத் தேன் மாதிரி மினுங்கும். உருகிய சர்க்கரை 160 டிகிரிக்கும் மேல் இருக்கும், கொதிக்கிற தண்ணீரை விட எவ்வளவோ அதிகம், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு வழியவும் வழியாது.

எது ஆகும், எது ஆகாது

சொப்புச் சாமான் அளவில் சமைக்கும் மினியேச்சர் வீடியோக்களைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் பெற்றோர் இதைத்தான் ரொம்பப் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். எல்லாம் குட்டி குட்டியாக, பொம்மை விளையாட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் அதில் எரிவது நிஜ நெருப்பு, கொதிப்பது நிஜ எண்ணெய். பொம்மை மாதிரி இருப்பதால்தான் குழந்தை "இது எனக்கானது" என்று எடுத்துக்கொள்கிறது. பெரிய அடுப்புப் பக்கம் போகாதே என்று நீங்கள் ஆயிரம் முறை சொல்லியிருப்பீர்கள், உங்கள் மகள் போகவும் இல்லையே! சில வீடியோக்களில் மெழுகுவர்த்திக்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிறார்கள், அது இன்னும் மோசம். சாராய வகைத் திரவத்தின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றும்போது குப்பென்று பாட்டில் வரைக்கும் பற்றும். சீனாவில் 2019-ல் இரண்டு சிறுமிகள், 14 வயதும் 12 வயதும், தகர டப்பாவில் ஆல்கஹால் வைத்து பாப்கார்ன் பொரிக்கப் போய் வெடித்து, மூத்தவள் இறந்தே போனாள். இணையத்தில் பிரபலமான ஒரு சமையல் வீடியோவைப் பார்த்துச் செய்தார்கள் என்றது குடும்பம். வீடியோ எடுத்தவர், தான் காட்டிய முறை வேறு என்று மறுத்தார், இருந்தும் இழப்பீடு கொடுத்தார். அவர்கள் செய்தது இவர் காட்டிய முறையா இல்லையா என்ற வாதம் நமக்கு வேண்டாம். 14 வயதுப் பெண்ணுக்கே அந்த வித்தியாசம் பிடிபடவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது "ட்ரிக்", "ஹேக்" வகையறா. மைக்ரோவேவில் முழு முட்டை, திறக்காத மில்க்மெய்ட் டின்னை குக்கரில் வேகவைப்பது, கலர் கலராக ஏதோ ஊற்றி நுரைக்கவிடுவது. முட்டையும் டின்னும் உள்ளே அழுத்தம் சேர்ந்து வெடிக்கக்கூடியவை. இந்த வகை வீடியோக்களில் பாதி சமையலே கிடையாது, கண்ணைக் கட்டும் எடிட்டிங். ஸ்ட்ராபெரியை பிளீச்சில் போட்டு வெள்ளையாக்கும் வீடியோ ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. ஆஸ்திரேலியாவில் உணவு அறிவியல் படித்துவிட்டு சமையல் சேனல் நடத்தும் ஆன் ரியர்டன் போன்றவர்கள் இது ஆபத்து என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வகையை எந்த வயதுக் குழந்தைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம்ம ஊர் உதாரணத்துக்கே வருவோமே. 2024 ஏப்ரலில் தாவணகெரே பொருட்காட்சியில் புகை பிஸ்கட் சாப்பிட்ட சிறுவன் துடித்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகை திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. வாயிலிருந்து புகை விடும் வீடியோக்கள் அதற்கு முன்பே பிள்ளைகளிடம் பிரபலம், அதைப் பார்த்துத்தான் "எனக்கும் வேண்டும்" என்று கேட்டார்கள். அந்த மே மாதமே கர்நாடக அரசு சாப்பிடும் நிலையில் உள்ள உணவில் திரவ நைட்ரஜன் கூடாது என்று தடை போட்டது. அதே வருஷம் மார்ச்சில் கோபி மஞ்சூரியன், பஞ்சு மிட்டாயில் செயற்கை வண்ணத்துக்கும் தடை வந்தது, ரோடமின்-பி என்ற சாயம் பஞ்சு மிட்டாயில் இருந்ததால். சட்டம் வந்தும் வீடியோக்கள் அப்படியே இருக்கின்றன. ரத்தச் சிவப்பில் கோபி மஞ்சூரியன் மினுங்கும் வீடியோவைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, வீட்டில் நீங்கள் செய்யும் பழுப்பு நிறக் கோபி "நல்லா இல்லை" என்றுதான் தோன்றும்.

அப்புறம், மலை மாதிரி குவித்து வைத்துக்கொண்டு ஒரே ஆள் தின்று தீர்க்கும் வீடியோக்கள். இதில் கை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் வயிற்றுக்கு ஒரு அளவு உண்டு என்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளும் வயதில் அதற்கு நேர் எதிரான பாடம் இது. சீனாவில் 2021-ல் வந்த உணவு வீணாக்கத் தடுப்புச் சட்டத்தில் இப்படி அளவுக்கு மீறித் தின்னும் நிகழ்ச்சிகளை வெளியிடும் ஊடகங்களுக்கு அபராதமே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை, அதனால் வீட்டில்தான் அணை போட வேண்டும்.

கிராமத்துச் சமையல் வீடியோக்கள் பற்றி நீங்கள் பயந்த அளவுக்கு நான் பயப்படவில்லை. வயலில், தோப்பில், பெரிய அண்டாவில் எல்லோருமாகச் சேர்ந்து சமைத்து, கடைசியில் முதியோருக்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கோ பரிமாறுவது குழந்தை பார்க்க நல்ல காட்சிதான். ஆடு உரிப்பதும் கோழி அறுப்பதும் நம் ஊர்த் திருவிழாக்களில் குழந்தைகள் பார்த்து வளர்ந்ததே. ஆனால் அங்கே பக்கத்தில் மாமாவோ தாத்தாவோ இருப்பார், கேள்வி கேட்கலாம், பிடிக்காவிட்டால் வீட்டுக்குள் ஓடிவிடலாம். மொபைலில் தனியாக, கிட்டத்தில், பின்னணி இசையோடு பார்க்கும்போது அந்த வழி இல்லை. உங்கள் மகளிடம் என்ன பார்த்தாய், என்ன தோன்றியது என்று ஒரு தடவை கேளுங்கள், அவள் சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள். கறி சாப்பிடு என்று வற்புறுத்த வேண்டாம். முட்டை, பருப்பு, தயிர், ராகி, வேர்க்கடலைச் சட்னி இருந்தால் ஏழு வயதுக்கு ஒரு குறையும் வராது. சில மாதங்களில் அவளே திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், இரண்டுமே சரி. இரவில் பயந்து எழுந்தாலோ, மற்ற உணவையும் ஒதுக்கினாலோ மட்டும் காட்டுங்கள்.

நல்லவை என்று எதைச் சொல்வேன் என்றால், ஒரு பெரியவர் நிதானமாக, சாதாரண சாப்பாட்டைச் சமைப்பது. கத்தி எடுக்கும்போது "இதை அம்மா செய்வாங்க" என்று சொல்பவர்கள், அடுப்பைப் பற்றவைக்கும் இடத்தை வெட்டிவிடாமல் கையை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டுபவர்கள். இவை பரபரப்பாக இருக்காது, பார்வை எண்ணிக்கையும் குறைவாகத்தான் இருக்கும். இவற்றால் பலன் உண்டா என்றால், உண்டு. நெதர்லாந்தில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 125 பேரிடம் செய்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், காய் பழம் வைத்துச் சமைக்கும் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள், எண்ணெய்ப் பண்டம் சமைப்பதைப் பார்த்தவர்களை விட ஆப்பிளையோ வெள்ளரிக்காயையோ எடுக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு இருந்தது. ஆனால் லிவர்பூலில் 9 முதல் 11 வயதுக்காரர்களிடம் செய்த 2019 ஆய்வு எனக்குக் கவலை தருகிறது. யூடியூப் பிரபலங்கள் நொறுக்குத் தீனியோடு இருக்கும் படங்களைப் பார்த்த பிள்ளைகள் அதிகம் தின்றார்கள், அதே பிரபலங்கள் ஆரோக்கியமான உணவோடு இருக்கும் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணவை அதிகம் சாப்பிடவில்லை. பிரபலத்தின் கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் வேலை செய்கிறது, ஆப்பிள் அவ்வளவாகச் செய்வதில்லை. எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு இது விளம்பரம் என்பதே பெரும்பாலும் புரியாது. சமையல் ஆன்ட்டி பாசமாகச் சொல்கிறார் என்றுதான் நினைக்கும். காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021-லிருந்து விளம்பரத் தரக் கவுன்சிலின் விதி இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்வது நம் வேலை.

"குழந்தைகளுக்கானது" என்ற முத்திரை

"யூடியூப்பே குழந்தைகளுக்கானது என்று போட்டிருந்ததே" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் ஏமாறுகிறார்கள். அது ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி யாரோ சோதித்துப் பார்த்துக் கொடுத்தது அல்ல. அமெரிக்காவில் குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேகரித்ததற்காக 2019-ல் கூகுள் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட பிறகு, 2020 ஜனவரியிலிருந்து வந்த ஏற்பாடு அது. வீடியோவை ஏற்றுகிறவரே பெரும்பாலும் அதைக் குறிக்கிறார். குறித்தால் ஆளைப் பார்த்துப் போடும் விளம்பரம் வராது, கருத்துப் பெட்டி மூடியிருக்கும். தகவல் பாதுகாப்புக்காக வந்த குறிப்பு அது, நெருப்பு இருக்கிறதா கத்தி இருக்கிறதா என்று யாரும் பார்த்ததாக அர்த்தம் இல்லை.

யூடியூப் கிட்ஸ் செயலி இதை விடக் கொஞ்சம் மேல், ஆனால் அதிலும் மினியேச்சர் சமையல் வரத்தான் செய்கிறது. அதில் "நான் அனுமதித்தவை மட்டும்" என்று ஒரு அமைப்பு இருக்கிறது, தேடும் வசதியும் அப்போது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவு செய்து, நீங்களே முழுசாகப் பார்த்த வீடியோக்களை மட்டும் சேர்த்து வையுங்கள். முழுசாக என்று அழுத்திச் சொல்கிறேன், முதல் நிமிடம் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். முடிந்தால் மொபைலை விட ஹாலில் இருக்கும் டிவியில் போடுங்கள், போகிற வருகிறவர் காதில் விழும், பாட்டிக்கும் என்ன ஓடுகிறது என்று தெரியும். ஆபத்தான வீடியோ கண்ணில் பட்டால் அந்தச் செயலியிலேயே புகார் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதும் உரிமை 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் உங்களுக்கு இருக்கிறது.

மூன்று வயதுக்காரன் விஷயம் வேறு

மகளுக்கு எந்த வீடியோ என்பது கேள்வி. மகனுக்கு அந்தக் கேள்வியே இல்லை, சாப்பாட்டு நேரத்தில் எந்த வீடியோவும் வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை மொத்தமே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதுவும் பெரியவர் கூட இருந்து, என்பது இந்தியக் குழந்தை நல மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதையேதான் சொன்னது. திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தை சாப்பிடவில்லை, ஊட்டப்படுகிறது. பசி எப்போது அடங்கியது என்று அதற்குத் தெரியாது, சரியாக மெல்லாது, சிரித்தால் புரையேறும். உங்கள் கணவர் மொபைலை நிறுத்தியதும் அவன் சாப்பாட்டை நிறுத்தியது, இத்தனை நாள் அவன் பசிக்காகச் சாப்பிடவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

இப்போது திரும்ப மொபைல் கொடுத்துவிடாதீர்கள். எல்லோரும் சாப்பிடும்போது அவனையும் தரையில் உட்காரவைத்து, அவன் தட்டில் கொஞ்சமாக, நீங்கள் நினைப்பதில் பாதி அளவு வையுங்கள். கையால் அளையட்டும், சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். நடுவில் பிஸ்கட், பால் என்று நிரப்பாதீர்கள். முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும், உங்கள் மாமியாருக்குத்தான் ரொம்பக் கஷ்டம், பேரன் பட்டினி கிடக்கிறான் என்று மனசு அடித்துக்கொள்ளும். அவரிடம் "நல்லா விளையாடறான், ஒண்ணுக்குப் போறான்னா பயமில்லைன்னு டாக்டர் சொன்னாங்க அத்தை" என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். எடை குறைந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, வெளிறித் தெரிந்தாலோ அழைத்து வாருங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மொத்தமாக நிறுத்துவதா?

உங்கள் கணவர் செய்ததில் நியாயம் இருக்கிறது. குழந்தைக்குச் சுட்டுவிட்டது என்றால் எந்த அப்பாவுக்கும் அதுதான் தோன்றும், சில வாரம் நிறுத்தி வைப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் நிரந்தரமாக நிறுத்தினாலும் அவள் பக்கத்து வீட்டிலோ பள்ளி வேனிலோ பார்ப்பாள், அப்போது என்ன பார்த்தாள் என்று உங்களிடம் சொல்ல மாட்டாள். விரல் சுட்ட அன்று அவள் உங்களிடம் மறைக்காமல் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், அதை விடப் பெரிய பாதுகாப்பு எந்தச் செயலியிலும் கிடையாது. என் ஆலோசனை, இரண்டு மூன்று வாரம் கழித்து, நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும், வாரத்தில் சில நாள், பெரியவர் கூட உட்கார்ந்து. தீப்பெட்டி, லைட்டர், அகல் விளக்கு, எண்ணெய் எல்லாம் அதற்கு முன் உயரத்துக்குப் போகட்டும். காஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை வேலை முடிந்ததும் மூடும் பழக்கம் வரட்டும். காஸ் கசிவு உதவி எண் 1906-ஐ அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள்.

உங்கள் மகளுக்குச் சமையல் பிடித்திருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். அந்த ஆசையைத் திரையிலிருந்து அடுக்களைக்கு மாற்றுவதுதான் நான் உண்மையில் சொல்ல வருவது. ஏழு வயதில் சப்பாத்தி தேய்க்கலாம், வேகவைத்த முட்டை உரிக்கலாம், அரிசி அளந்து களையலாம், மொட்டைக் கத்தியால் வாழைப்பழம் நறுக்கலாம். தனியாக அடுப்பு பத்து வயதுக்கு முன்னால் வேண்டாம், அதற்குப் பிறகும் நீங்கள் பக்கத்தில் நின்றுதான். மூன்று வயதுக்காரன் கீரை ஆய்வான், மாவை உருட்டுவான்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு மார்கழி, தை மாதங்களில் இன்னொரு கொடுப்பினை இருக்கிறது. அவரைக்காய் சீசன், தெருவெல்லாம் குவியல், அவரைக்காய்த் திருவிழாவே நடக்கும். உங்கள் மாமியார் திருவண்ணாமலைக்காரர், பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கத் தெரியாமல் இருக்காது. கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நின்று, பருப்பு வழுக்கித் தட்டில் போய் விழும். சில சமயம் தட்டைத் தாண்டி எதிரில் இருப்பவர் மடியில் விழும். ஏழு வயதுக்கு இதை விட நல்ல சமையல் விளையாட்டு கிடையாது. பாட்டியும் பேத்தியும் ஒரு முறம் பிதுக்கி முடிக்க அரை மணிக்கு மேல் ஆகும், அந்த நேரம் முழுக்கப் பேச்சும் ஓடும். சின்னவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவன் முன்னால் ஒரு பெரியவர் கண் எடுக்காமல் இருக்க வேண்டும். இந்த வயதுக் குழந்தைகள் கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும், வாயில் போட்டு ஓடினால் மூச்சுக்குழாயில் போகும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்னுக்கும் இதே எச்சரிக்கை, நாலு வயது வரை அப்படியே கொடுக்கக் கூடாது.

சேனல் வேண்டும் என்று அழுகிறாளே

இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில், அவளிடம் காரணத்தோடு சொல்லுங்கள். யூடியூபில் சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ளவே 13 வயது ஆக வேண்டும். நம் நாட்டின் 2023 தகவல் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது வரை எல்லோரையும் குழந்தை என்றே வைத்து, பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. உங்கள் கணக்கில் நீங்களே ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றலாம், ஆனால் அவள் முகம், சீருடை, வீட்டு ஜன்னல் வழியே தெரியும் தெரு எல்லாம் யார் யாரோ பார்க்கும் இடத்துக்குப் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. பார்வை குறைந்தால் குழந்தை வாடும், கூடினால் அடுத்த வீடியோவில் இன்னும் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டிவரும், அப்படித்தான் அடுப்பு உள்ளே வரும். அவள் செய்த சப்பாத்தியை, பிதுக்கிய பருப்பை வீடியோ எடுங்கள், தாராளமாக எடுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் அத்தை, சித்தப்பா, ஊரில் இருக்கும் உங்கள் அம்மா எல்லோருக்கும் அனுப்பி, அவர்கள் குரலிலேயே பதில் அனுப்பச் சொல்லுங்கள். 13 வயதுக்குப் பிறகும் கேட்டால், அப்போது அவளையும் உட்காரவைத்து மூன்று பேருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.